நான் கறுப்படித்த ஊர்ப் பெயர்

எங்கள் ஆபீஸுக்கு வருகிற எழுபது வயதுப் பேராசிரியர் ஒருவர் என்னை ‘அண்ணா’ என்று கூப்பிடுகிறார். எனக்கு நாற்பத்தொன்பது. அவர் மட்டுமல்ல, லிஃப்ட்காரர், கூரியர் கொண்டுவருகிறவர், செயலாளர் மேடம் எல்லாருக்கும் நான் அண்ணாதான். பம்பாயில் தெற்கிலிருந்து வந்த ஆண்பிள்ளை யாராக இருந்தாலும் அண்ணா. சைக்கிளில் இட்லி விற்கிறவரும் அண்ணா, கோட்டுப் போட்ட பேங்க் மேனேஜரும் முதுகுக்குப் பின்னால் அண்ணா. அந்தச் சொல்லுக்கு மூத்தவன் என்று பொருள் என்பது அவர்களுக்குத் தெரியாது. வந்த புதிதில் எனக்கு அது கூச்சமாக இருந்தது. பிறகு பார்த்தால், என்னைப் போன்ற கூச்சக்காரனுக்குப் பெயர் இல்லாமல் இருப்பதும் ஒரு சௌகரியம்தான். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. கல்யாண வீட்டில் மைக்கைக் கண்டால் பந்திக்கு ஓடிவிடுவேன். அப்படிப்பட்ட நான், போன வருஷம் மூன்று பேராசிரியர்களுக்கு முன்னால் நின்று பேசினேன். ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கும், என்னைப் போல் வந்து ஒதுங்கியவர்களுக்கும் அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. இப்போது நினைத்தாலும் உள்ளங்கை வேர்க்கிறது. பயத்தில் அல்ல, சந்தோஷத்தில்.

என் ஊர் திருநெல்வேலிப் பக்கம். பத்தாவதோடு படிப்பு நின்றது. தாராவிக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது. பட்டறை, பிஸ்கட் கோடவுன் என்று சுற்றிவிட்டுப் பதினொரு வருஷமாகச் செம்பூரில் ஓர் அறக்கட்டளை ஆபீஸில் பியூனாக இருக்கிறேன். காலையில் சயானில் பஸ் ஏறினால், டிராம்பே அணுசக்தி மையத்துக்குப் போகிற விஞ்ஞானிகளோடு சேர்ந்து நானும் தொங்கிக்கொண்டு போவேன். யாரோ ஒரு புண்ணியவான் எழுதிவைத்துவிட்டுப் போன சொத்திலிருந்து, ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு வருஷா வருஷம் உதவித்தொகை கொடுப்பதுதான் எங்கள் ஆபீஸின் வேலை. கிடைப்பது நாலைந்து பேருக்கு. கேட்டு வருகிற விண்ணப்பங்களோ அலமாரி கொள்ளாது. ஆபீஸில் என்னைத் தவிர இன்னொரு தமிழர் உண்டு, ஹெட் கிளார்க் மணி சார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பத்துக்காரர். ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருக்கிறது. அங்கே என்னைச் செல்லத்துரை என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஆள் அவர்தான்.

விண்ணப்பங்களை எங்கள் ஆபீஸ் தானே பார்த்து முடிவு செய்யாது. வெளியிலிருந்து மூன்று பேராசிரியர்கள் படித்து, நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க் போட வேண்டும். அது எதற்கு என்று நான் சேர்ந்த புதிதில் மணி சாரிடம் கேட்டேன்.

“ஒருத்தன் வந்து இதை ஆராய்ச்சி பண்ணப்போறேன்னு சொன்னா, அது உருப்படியா இல்லையான்னு உமக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? அதே சப்ஜெக்ட்ல இருக்கறவா பார்த்துச் சொல்லணும் ஓய். பெரிய பத்திரிகையில ஒரு கட்டுரை வரணும்னாலும் இதே ஏற்பாடுதான், உலகம் பூரா.”

“அந்த மூணு பேருக்கும் இவரத் தெரிஞ்சிருந்தா சார்?”

மணி சார் மேஜையைத் தட்டிச் சிரித்தார். “பதினஞ்சு நிமிஷத்துல பிடிச்சுட்டீரே! அங்கதானே இருக்கு சங்கதி.”

சங்கதி எனக்கு அடுத்த கூட்டத்திலேயே விளங்கிவிட்டது. நான் டீ கொண்டுபோவேன். இங்கிலீஷ் எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும், ஆனால் முகம் நன்றாகத் தெரியும். ஒரு விண்ணப்பக் கட்டை எடுப்பார்கள். உள்ளே புரட்டுவதற்கு முன் மேல் அட்டையைப் பார்ப்பார்கள். பெரிய கல்லூரியின் முத்திரை இருந்தால் புருவம் உயரும். “அரே, இவர் நம்மாளோட மாணவர்தானே?” என்பார்கள். கட்டு இடது பக்கம் போகும். கேள்விப்படாத கல்லூரி என்றால் உதடு லேசாகப் பிதுங்கும், கட்டு வலது பக்கம் போகும். பிறகு எல்லாவற்றையும் படிக்கத்தான் செய்வார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் இடது பக்கத்தை நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பார்கள். வலது பக்கத்தை நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பிஸ்கட் தின்றுகொண்டு படிப்பார்கள்.

அந்த வலது குவியலில் ஒரு கட்டு மூன்று வருஷம் தொடர்ந்து வந்தது. எனக்கு அது அடையாளம் தெரிந்ததற்குக் காரணம், அதில் இருந்த ஒரு படம். ஒரு வீட்டைக் கத்தியால் நெடுக்காக வெட்டினாற்போல் பென்சிலில் வரைந்திருந்தார்கள். மேலே தகரக் கூரை, அதற்கு ஒரு முழம் கீழே பரண், அங்கே ஏறுவதற்கு இரும்பு ஏணி, கீழே கேஸ் அடுப்பு, சுவரில் ஒரு ஃபேன். பார்த்ததும் திடுக்கிட்டேன். அது என் வீடு! என் வீடென்றால் எங்கள் சந்தில் உள்ள எல்லாருடைய வீடும். மணி சாரிடம் கேட்டேன். தகரக் கூரை வீடுகளுக்குள் சூடு எவ்வளவு, அது குறைய எவ்வளவு நேரமாகிறது, உள்ளே இருக்கிறவர்களின் தூக்கமும் வேலையும் எப்படிக் கெடுகிறது என்று வீடு வீடாக அளந்து பார்க்க வேண்டுமாம். காட்கோபர் பக்கம் ஒரு சின்னக் கல்லூரியில் வேலை பார்க்கிற டீச்சரம்மா எழுதியது. முதல் வருஷம், அந்தக் கல்லூரிக்கு வசதி போதாது என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். இரண்டாம் வருஷம், விண்ணப்பித்தவர் இந்தத் துறையில் அறியப்பட்டவர் இல்லை என்றார்கள். மூன்றாம் வருஷம் ஒன்றுமே எழுதவில்லை. மணி சார் அந்தத் தாள்களை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “தெரியாதவாளுக்குக் கொடுக்க மாட்டா. கொடுக்காத வரைக்கும் அவாளைத் தெரியப்போறதும் இல்லை. ஜோரா இருக்கு, போங்கோ.”

இது எனக்குப் புதிதே இல்லை. ஊரில் புது ஆளைப் பார்த்தால் முதல் கேள்வி, “தம்பிக்கு எந்தத் தெரு?” தெருவின் பெயரைச் சொன்னதும், உட்காரச் சொல்வதா, நிற்க வைத்தே பேசுவதா என்று கேட்டவர் முடிவு செய்துவிடுவார். பத்தாவது முடித்த வருஷம் பக்கத்து டவுனில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலை கேட்டுப் போனேன். முதலாளி ஒரு சேலையைப் பிரித்துப் போட்டு மடிக்கச் சொன்னார். மடித்தேன். அவருக்குப் பிடித்துப்போய்விட்டது, இன்னொரு ஆளைக் கூப்பிட்டுக் காட்டினார். அதற்குப் பிறகுதான் தெருவைக் கேட்டார். “சொல்லி அனுப்புதேன்” என்றார். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை. பம்பாய்க்கு ரயில் ஏறியபோது, இனி அந்தக் கேள்வி பின்னால் வராது என்று நினைத்தேன். வந்தது. இந்தியில் வந்தது. “கிதர் ரஹ்தா ஹை?” எங்கே இருக்கிறாய் என்று ஒரு கம்பெனி சூப்பர்வைசர் கேட்டார். தாராவி என்று சொன்னேன். அவர் என் ஃபாரத்தை நாலாக மடித்தார். கேள்வியின் பாஷைதான் வேறு, முகம் அதே ஜவுளிக்கடை முகம். அறையில் என்னோடு தங்கியிருந்த சுடலை வயிறு குலுங்கச் சிரித்தான். “லேய், தாராவின்னா எழுதுன? கூறுகெட்டவனே, சயான்னு எழுதணும்டே. ரோட்டத் தாண்டுனா சயான், அங்கிட்டுப் போனா மாஹிம். எதுல வேணுனாலும் இருந்துக்க, தாராவில மட்டும் இராத!” தாராவியிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் இந்த இடத்தில் சிரித்திருப்பார்கள். நாம் எல்லாரும் அப்படித்தானே எழுதியிருக்கிறோம். ஃபாரத்தில் சயான், கல்யாணப் பத்திரிகையில் மாட்டுங்கா. என் மகளின் காலேஜ் விண்ணப்பத்தில்கூட நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து சயான் என்று எழுத வைத்தேன்.

போன வருஷம் எங்கள் ஆபீஸுக்குப் புதுச் செயலாளர் வந்தார். புனேக்காரர், வேகமாகப் பேசுவார், அதைவிட வேகமாக நடப்பார். பழைய தாள்களையெல்லாம் ஒரு வாரம் உட்கார்ந்து படித்தார். பிறகு மணி சாரையும் என்னையும் கூப்பிட்டார். இனிமேல் பேராசிரியர்களுக்குப் போகிற கட்டில் பெயர் இருக்காது, நம்பர்தான் இருக்கும், யார் எழுதியது என்று தெரியாமலே மார்க் போடட்டும் என்றார். முப்பது வருஷமாக நாங்கள் திருட்டுத்தனமாகச் செய்ததை இந்த அம்மா சட்டமாகவே போடுகிறாரே! பெயரை மறைக்கிற வேலை யாருக்கு என்று மணி சார் கேட்டார். மேடம் என்னைக் காட்டினார். கிளார்க்குகளுக்கெல்லாம் பேராசிரியர்களோடு போன் பழக்கம் உண்டு, அண்ணாவுக்கு யாரோடும் பேச்சில்லை என்பது அவர் சொன்ன காரணம். என் கூச்சத்துக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பதவி உயர்வு அது. கறுப்பு மார்க்கர் பேனா நாலு எடுத்துக் கையில் கொடுத்து, இந்தியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: “ஆள் எந்த இடத்துக்காரர் என்று எதிலிருந்தெல்லாம் தெரியுமோ, அதையெல்லாம் கறுப்பாக்கிவிடுங்கள்.”

“சமஜ் கயா, மேடம்” என்றேன். புரிந்தது என்றேன். எனக்குப் புரிந்ததும் அவர் சொன்னதும் ஒன்றல்ல என்பது பின்னால்தான் தெரிந்தது.

என்ன சந்தோஷமாக அந்த வேலையைச் செய்தேன் தெரியுமா! விண்ணப்பம் ஒவ்வொன்றும் இரண்டு பிரதி வரும்; ஒன்றை மணி சாரின் அலமாரியில் வைத்துவிட்டு, மற்றதோடு ஸ்டோர் ரூமில் மேஜை போட்டு உட்கார்ந்தேன். வெறும் பெயரை மறைத்தால் போதாது என்பதை என்னைப் போல் அறிந்தவன் யார்? பெயரை மறைத்தாலும் கல்லூரி காட்டிக்கொடுக்கும். கல்லூரியை மறைத்தால் பின்கோடு காட்டிக்கொடுக்கும். போன் நம்பர், ரப்பர் ஸ்டாம்ப், பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் வருகிற முகவரி, கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்கிற பட்டியல், போட்டோவில் ஆளுக்குப் பின்னால் தெரிகிற போர்டு, எதையும் விடவில்லை. மார்க்கர் அடித்த தாளை வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து தெரிந்தது. அதனால் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து ஜெராக்ஸையே அனுப்புவதென்று வைத்தேன். பணக்காரக் கல்லூரிகளின் பளபள அட்டைகளைப் பிய்த்தேன். சின்னக் கல்லூரிகளின் நூல் தைத்த கட்டுகளையும் பிரித்தேன். எல்லாருக்கும் ஒரே தாள், ஒரே ஸ்டேப்ளர் பின். மணி சார் கதவில் வந்து சாய்ந்து நின்றார்.

“என்ன ஓய், சென்சார் போர்டு எப்படிப் போறது?”

“எல்லாரும் ஒரே சட்ட போட்ட மாதிரி ஆயிட்டாவ சார்!”

நாலாம் நாள் ஏழாம் நம்பர் கட்டைத் திறந்தேன். தகரக் கூரை, பரண், ஏணி, ஃபேன். அதே படம்! டீச்சரம்மா விடவில்லை, நாலாவது தடவையாக அனுப்பியிருக்கிறார். பக்கத்தைப் புரட்டினால் வரிக்கு வரி தாராவி. அந்தச் சொல்லை இங்கிலீஷில் நான் எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை, தூரத்தில் வரும்போதே தெரியும். கும்பார்வாடா, தொண்ணூறு அடி ரோடு, கிராஸ் ரோடு, எல்லாம் நான் நடக்கிற இடங்கள். ஆள் எந்த இடத்துக்காரர் என்று தெரியக்கூடாது. மார்க்கரைத் திறந்தேன். ஒரு தாராவி விடாமல் கறுப்படித்தேன். ஒரு பேனா அதிலேயே தீர்ந்துபோனது. அடுத்த பேனாவில் தொண்ணூறு அடி ரோட்டையும் அடித்தேன். அந்த அம்மா தாராவியில் இருக்கிறவரில்லை, தாராவியைப் பற்றி எழுதியவர் என்கிற வித்தியாசம் அந்த நேரத்தில் என் மூளைக்கு எட்டவேயில்லை. மறைக்க வேண்டிய சொல் என்று முப்பது வருஷம் கைக்குப் பழக்கியிருந்தேன், கை செய்துவிட்டது. மற்ற கட்டுகளில் ராஜஸ்தானில் ஏதோ ஏரி வந்தது, அசாமில் ஏதோ தேயிலைத் தோட்டம் வந்தது. அவற்றை நான் தொடவேயில்லை. அவற்றில் மறைக்க என்ன இருக்கிறது?

கட்டுகள் போய் ஒரு மாதம் கழித்து, மார்க்குகள் ஒட்டிய உறையில் வந்து சேர்ந்தன. கூட்டத்தன்று காலையில் எனக்குத் தோசை இறங்கவில்லை. “பரீட்ச எழுதுன பிள்ள மாதிரி இருக்கிய. உங்களுக்கா மார்க் வரப்போவுது?” என்றாள் என் மனைவி சொர்ணம். எனக்குத்தான் வரப்போகிறது என்று தோன்றியது. கூட்டத்தில் மேடம் உறைகளைப் பிரித்துக் கூட்டிப் போட்டார். நான் டீத் தட்டோடு ஓரமாக நின்றேன். “முதலிடம், நம்பர் ஏழு” என்றார். மூன்று பேரும் அள்ளிப் போட்டிருந்தார்கள்! வலது குவியல்காரியம்மா, நாலாம் வருஷம், முதலிடம்! ஓடிப்போய் மணி சாரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பெயர் உள்ள உறையை மேடம் எடுக்கப் போனார். அப்போது வெள்ளைத்தாடி வைத்த மூத்த பேராசிரியர், என்னை அண்ணா என்று கூப்பிடுகிற அதே எழுபது வயதுக்காரர், கையை உயர்த்தினார்.

“ஒரு நிமிஷம். இந்த ஏழாம் நம்பரில் மட்டும் ஆராய்ச்சி நடக்கிற இடத்தின் பெயரே இல்லை. மற்றவற்றில் ஏரி பெயர், ஊர் பெயர் எல்லாம் இருக்கிறது. இதில் மட்டும் தேடித் தேடி அடித்திருக்கிறார்கள். யாரோ இந்த ஆளுக்குச் சாதகமாகச் செய்திருக்கிறார்கள். இதைத் தள்ளிவிடுவதுதான் முறை.”

மேடம் என்னைப் பார்த்தார். “அண்ணா, இது நீங்கள் செய்ததா?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

“யாருடையது என்று உங்களுக்குத் தெரியுமா?” இதைக் கேட்டவர் தாடிக்காரர்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பெயர் எனக்குத் தெரியாது என்பது உண்மையும்கூட. ஆனால் பொய்யும் அதற்குள்தான் இருந்தது. தெரியும் என்றால் டீச்சரம்மாவின் நாலு வருஷமும் என் வாயால் குப்பைக்குப் போகும். தெரியாது என்றால், இதுவரை மற்றவர்கள் செய்த அதே காரியத்தை இந்தப் பக்கம் நின்று நான் செய்ததாக ஆகும். தட்டை மேஜையில் வைத்தேன். என் இந்தியில், இலக்கணம் எல்லாம் உடைந்து போக, சொன்னேன்: “பெயர் தெரியாது சாப். படம் தெரியும். மூன்று வருஷமாக இதை இந்த மேஜையில் வலது பக்கக் குவியலில் பார்த்திருக்கிறேன். இது ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு ஆசைதான். ஆனால் அதற்காக அடிக்கவில்லை. இதில் இருக்கிற இடம் தாராவி. நான் அங்கே இருக்கிறேன். வேலைக்கு எழுதும்போது அந்தப் பெயரை நாங்கள் எழுத மாட்டோம், எழுதினால் ஃபாரத்தை மடித்துவிடுவார்கள். ஆள் எங்கே என்று தெரியக்கூடாது என்று மேடம் சொன்னார். மறைக்கிற பெயர் என்றால் எனக்கு அதுதான். ஏரியை மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.”

முப்பது வருஷத்தில் அவ்வளவு நீளமாக நான் இந்தி பேசியதில்லை. கண்ணாடி போட்ட பெண் பேராசிரியர் குனிந்து தன் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர், வயதில் இளையவர், “இடது குவியல், வலது குவியலா?” என்று முணுமுணுத்துத் தாடிக்காரரைப் பார்த்தார். அவர் முகம் சிவந்துவிட்டது. மேடம் எழுந்து நின்றார். தவறு நடந்திருக்கிறது, தன் உத்தரவிலும் தவறு இருக்கிறது என்றார். அதனால் ஏழாம் நம்பரை இப்போதே, இடத்தின் பெயரோடு, ஆளின் பெயர் இல்லாமல் மறுபடி படியுங்கள், மறுபடி மார்க் போடுங்கள், ஒரு மார்க் குறைந்தாலும் என்ன காரணத்தால் குறைந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள் என்றார்.

ஜெராக்ஸ் மெஷினுக்கு ஓடினேன். மார்க்கர் படாத இன்னொரு பிரதி மணி சாரின் அலமாரியில் இருந்தது. பெயரையும் கல்லூரியையும் மட்டும் மறைத்தேன். தாராவி பக்கம் பக்கமாக மெஷினிலிருந்து வெளியே வந்தது. சூடான தாளில் அந்தப் பெயரை அவ்வளவு தரம், அவ்வளவு தெளிவாக நான் பார்த்ததேயில்லை. கொடுத்துவிட்டு வெளியே ஸ்டூலில் வந்து உட்கார்ந்தேன். மணி சார் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“ஓய், நீரும் மார்க் போடற ரெஃபரி ஆயிட்டீர் போலிருக்கே. அதுவும் பாரபட்சமுள்ள ரெஃபரி!”

“கிண்டல் பண்ணாதிய சார். அந்தம்மாவுக்கு நானே குழி தோண்டிட்டேன்.”

“இருங்கோ. மாட்டுங்காவுல பிறந்ததுலேர்ந்து இருக்கேன், தாராவின்னா நானே மூக்கைப் பொத்திண்டு பஸ்ல போனவன்தான். இன்னிக்கு உம்மைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி ஆயிடுத்து.” பிறகு என்ன நினைத்தாரோ, எனக்கு டீ வாங்கிவர அவரே கீழே போனார். பதினொரு வருஷத்தில் அப்படி நடந்தது அன்றுதான்.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. மேடம் வெளியே வந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். முதலிடம் மாறவில்லை! இரண்டு பேர் மார்க்கைக் கூட்டியே போட்டிருந்தார்கள். இடம் தெரிந்த பிறகுதான் இதன் அவசியம் முழுதாகப் புரிகிறது என்று பெண் பேராசிரியர் எழுதியிருந்தாராம். சாயங்காலம் மணி சார் தாள்களைக் கோப்பில் வைக்கும்போது என்னைக் கூப்பிட்டு மூன்றாவது தாளைக் காட்டினார். வெள்ளைத்தாடிக்காரருடையது. முதலில் குறைத்து ஒரு மார்க் எழுதியிருந்தார். காரணம் எழுதும் இடத்தில் “இந்த இடம்” என்று தொடங்கியிருந்தார். அதற்கு மேல் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த இரண்டு சொற்களையும் அடித்து, மார்க்கையும் அடித்து, பழைய மார்க்கையே திரும்ப எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த அடித்தலைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜவுளிக்கடை முதலாளியிடமும் சூப்பர்வைசரிடமும் யாரும் காரணத்தை எழுதச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவர்களுக்கும் இரண்டு வார்த்தைக்கு மேல் வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். தாடிக்காரர் போகும்போது என் ஸ்டூலருகே நின்றார். “அண்ணா, ஜெராக்ஸ் கொஞ்சம் மங்கல். அடுத்த வருஷத்துக்கு மை மாற்றிவிடுங்கள்” என்றார். அடுத்த வருஷமும் பெயரில்லாத ஜெராக்ஸில்தான் படிக்கப்போகிறேன் என்று ஒத்துக்கொண்டுவிட்டார் என்று எனக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் சொர்ணம் கரண்டியோடு திரும்பிவிட்டாள். “அவ்வளவு பேரு முன்னால நீங்களா பேசுனிய? தாராவின்னு சொன்னியளா? வாய் தொறந்து?” மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் ஆமாம் என்றேன்.

உத்தரவுக் கடிதம் வாங்க டீச்சரம்மா வந்தார். ரெஹானா என்று பெயர், என்னைவிடச் சின்னவர், தோளில் கனமான பை. நான் டீ வைத்தேன். நடந்தது எதையும் சொல்லவில்லை, அது என் வேலையும் இல்லை. பேச்சுவாக்கில், கருவி மாட்ட வீடுகள் தேட வேண்டும் என்று மேடமிடம் சொன்னார். “என் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று என் வாய் சொல்லிவிட்டது. விலாசம் கேட்டார். தாராவி, கிராஸ் ரோடு, சந்து, கதவு எண் என்று வரிசையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகத்தையே பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. பேனா அதுபாட்டுக்கு ஓடியது.

கருவி என்றால் தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி, ஒரு பொட்டுப் பச்சை விளக்கு. அரை மணிக்கு ஒரு தரம் சூட்டைத் தானே குறித்துக்கொள்ளும். ரெஹானா மேடமே வீட்டுக்குக் கொண்டுவந்தார், சுவிட்சுக்கு மேலே ஆணி அடித்தோம். சொர்ணத்துக்குச் சிரிப்பு. “நம்ம வீடு வேகுதுன்னு சொல்ல ஒரு பெட்டி வேணுமாக்கும்? என்னயக் கேட்டா சொல்ல மாட்டனா?” அதை நான் இந்தியில் சொன்னேன். ரெஹானா மேடமும் சிரித்தார். “அக்கா சொன்னால் மார்க் போட மாட்டார்கள். பெட்டி சொன்னால் போடுவார்கள்” என்றார். பிறகு ஒரு ஃபாரத்தை எடுத்து, வருஷத்தில் வீடு எத்தனை நாள் பூட்டியிருக்கும் என்று கேட்டார். மே மாதம் கோயில் கொடை விழாவுக்கு ஊருக்குப் போவோமே, வெயிலின் உச்சத்தில் வீட்டில் ஆளே இருக்காதே, எங்கள் வீட்டைத் தள்ளிவிடுவாரோ? தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. “நல்லதுதான். நீங்கள் இல்லாதபோது வீடு எவ்வளவு சுடுகிறது என்று தெரிந்தால்தான், இருக்கும்போது ஏறுகிற சூட்டில் உங்கள் அடுப்பு எவ்வளவு, உங்கள் மூச்சு எவ்வளவு என்று பிரிக்க முடியும். பூட்டிவிட்டுப் போங்கள், பெட்டியை மட்டும் கழற்றாதீர்கள்.”

இதை ஊரில், தம்பி வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கொடை முடிந்துவிட்டது. கீழே எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தாராவியில் எதிர்வீட்டு ராஜகனிக்கு போன் போட்டு, ஜன்னல் இடுக்கு வழியாக எட்டிப் பார்க்கச் சொன்னேன். “பச்ச லைட்டு மினுங்குது அண்ணாச்சி. உங்களுக்கு ஊருக்குப் போயும் நிம்மதியில்லையா?” என்று திட்டினாள். தம்பி என்னைப் படுக்கக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தூங்கப் போய்விட்டான். வெயில் ஓட்டின் மேல் விழுகிறது. இங்கே நிழலில் உட்கார்ந்திருக்கிற நான் அங்கே இல்லாமல் இருப்பதை, பூட்டிய வீட்டுக்குள் ஒரு பெட்டி அரை மணிக்கு ஒரு தரம் எழுதிக்கொண்டிருக்கிறது.